லினக்ஸ் சமய நிர்ணயம்: இல்லறத்தார் பொருட்டு எழுந்த சிற்றுரை

பாயிரம்

நூல் ஒன்றைத் தொடங்குமுன் அது யாருக்காக எழுந்தது, கற்றால் என்ன பயன் என்று சொல்லிவிடுவது தமிழ் மரபு. இச்சிறு நூல், வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருந்து, அதில் மின்கட்டணம் கட்டி, வங்கிக் கணக்குப் பார்த்து, பிள்ளைகளின் பள்ளி புராஜெக்டுக்கு நாலு படம் அச்செடுத்து, இரவில் யூடியூபில் எதையோ பார்த்தபடியே உறங்கிப்போகும் இல்லறத்தாருக்காக எழுந்தது. துறந்தார் இதைப் படிக்கத் தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே ஆர்ச் லினக்ஸில் இருக்கிறார்கள். அதை நம்மிடம் சொல்லியும் இருப்பார்கள்.

எழுந்த காரணம் வருமாறு. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. முந்தின நாள்வரை ஒழுங்காக ஓடிய கணினி, தன் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல், மறுநாள் தகுதி இழந்தது. இந்நிலையில் அண்ணன் மகன் வந்து, "பேசாம லினக்ஸ் போட்டுருங்க சித்தப்பா" என்கிறான். எந்த லினக்ஸ் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்கிறான். பக்கத்தில் இருக்கும் அவன் நண்பன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் பொருளை ஆராய்வதே இந்நூலின் நுதலிய பொருள்.

மூலப்பொருள் ஒன்றென்பது

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தாம் ஓர் இலவச இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாக அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக எதுவும் வராது என்றும் கூடவே சொன்னார். ஒரு சமயத்தின் முதல்வர் இவ்வளவு அடக்கமாகத் தொடங்கியது அரிது. அடியார்கள் அதைப் பின்பற்றவில்லை.

அவர் செய்தது கெர்னல் மட்டுமே. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்த வேலை முதலில் என்று பங்கிட்டுக்கொடுப்பது அதன் தொழில். கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்ட முடியாது. அதன்மேல் 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் கருவிகள், ஒரு திரைச்சூழல், ஒரு பிரவுசர், இவற்றையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கவும் புதுப்பிக்கவும் ஒரு பொட்டல மேலாளர் என்று கட்டிக் கையில் கொடுப்பதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். இன்று வழக்கில் உள்ளவை இருநூற்றுக்கும் மேல். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகி பெயரால் ஹன்னா மொன்டானா லினக்ஸ் என்று ஒன்று உண்டு. உபுண்டுவில் கிறிஸ்தவப் பதிப்பு ஒன்று வந்தது. அதைக் கண்டு சாத்தான் பதிப்பும் ஒன்று வந்தது. வடகொரிய அரசு ரெட் ஸ்டார் என்று ஒன்று வைத்திருக்கிறது. இவையனைத்துக்கும் உள்ளே இருப்பது அதே கெர்னல்தான்.

டோர்வால்ட்ஸ் தாம் எதைப் பயன்படுத்துகிறார் எனின், பல ஆண்டுகளாக ஃபெடோரா. காரணமும் சொல்லியிருக்கிறார்: தம் வேலை கெர்னல், மற்றவை தொந்தரவு தராமல் நிறுவப்பட்டால் போதும். சமய முதல்வரின் இந்தக் கூற்றை எந்தப் பிரிவாரும் பிரமாணமாக ஏற்பதில்லை.

அகம், அகப்புறம், புறம், புறப்புறம்

சைவ சித்தாந்திகள் பிற சமயங்களைத் தமக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தொலைவில் என்று நான்காகப் பகுத்தது போல் நாமும் பகுத்துக்கொள்வோம்.

புறப்புறம் முதலில், சுருக்கமாக. ரியாக்ட்ஓஎஸ் என்பது விண்டோஸ் நிரல்களை விண்டோஸ் இல்லாமலே ஓட்டுவேன் என்று 1990-களில் கிளம்பியது. இன்றுவரை ஆல்ஃபா நிலையில் இருக்கிறது. குனூவின் சொந்தக் கெர்னலான ஹர்ட் 1990-இல் தொடங்கியது. இன்னும் பதிப்பு 1.0 ஆகவில்லை. இவற்றைப் பயன்படுத்துவோர் பொறுமை என்னும் பண்பில் நம் அனைவருக்கும் மூத்தவர்கள். வணங்கிவிட்டு நகர்க.

புறம் என்பது பிஎஸ்டி குலம். பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் நேர்வழி வாரிசுகள். ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 1993-இலும், ஓப்பன்பிஎஸ்டி 1995-இலும் கிளைத்தன. நெட்ஃப்ளிக்ஸ் படங்களை வீட்டுக்கு அனுப்பும் சேவையகங்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. பிளேஸ்டேஷன் 4-க்குள் இருப்பதும் அதன் வழிவந்ததே. ஒழுங்கும் ஆவணமும் மிக்க குலம். ஆனால் மடிக்கணினி வைஃபையில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. வைஃபை இல்லாத தூய்மை இல்லறத்துக்கு ஒவ்வாது.

அகப்புறத்தில் ஜென்டூவை வைக்கலாம். மற்றவர்கள் தயாராக உள்ள நிரலை இறக்கிக்கொள்ள, ஜென்டூக்காரர் மூலநிரலை இறக்கித் தம் கணினியிலேயே தொகுப்பார். பழைய மடிக்கணினியில் ஒரு பிரவுசரைத் தொகுக்கத் தொடங்கினால் விசிறி இரைய இரைய மணிக்கணக்கில் ஓடும். இதனால் கிடைக்கும் வேகம் எவ்வளவு எனின், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. 2023 டிசம்பரில் ஜென்டூவே தயார்நிலைப் பொட்டலங்களையும் பரவலாகத் தரத் தொடங்கியது. அன்று முதல் ஜென்டூக்காரர்களுக்குக் காத்திருப்பது கட்டாயமில்லை. பலர் விரும்பிக் காத்திருக்கிறார்கள்.

எஞ்சியவை அகச்சமயங்கள். பூசல் முழுவதும் இங்கேதான்.

மார்ஜாரமும் மர்க்கடமும்

வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதிட்ட ஒரு கேள்வி உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகிறது. அடியவன் எதைப் போல இருக்கவேண்டும்? மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றுக்குப் பெயர். லினக்ஸ் டிஸ்ட்ரோக்களை இந்த இரண்டு நியாயங்களாலும் விளக்கிவிடலாம் என்பது இந்நூலாசிரியன் துணிபு.

மர்க்கடத்தின் தலைமைப் பீடம் ஆர்ச். 2002-இல் கனடாக்காரர் ஜட் வினே தொடங்கியது. இதற்குப் பதிப்பு எண் கிடையாது. புதியது வரவர வந்துகொண்டே இருக்கும். நிறுவுவோர் வட்டைத் தாமே பிரித்து, கோப்பு முறைமையைத் தாமே அமைத்து, பூட் லோடரைத் தாமே இட்டு, பயனர் பெயரையும் தாமே உண்டாக்கிக்கொள்வது மரபு. 2021-இல் ஆர்ச்சின் நிறுவல் வட்டிலேயே, கேள்வி கேட்டு நிறுவித்தரும் ஒரு சிறு நிரலைச் சேர்த்தார்கள். அதைக் கொண்டு நிறுவியவர் ஆர்ச்சுக்காரர்தானா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. அப்டேட் செய்யுமுன் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது விதி. படிக்காமல் செய்து, மறுநாள் திரை கறுத்து நின்றால், பிழை படிக்காதவருடையது. பிடியை விட்டது குட்டி அல்லவா? ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: ஆர்ச்சின் விக்கி போலத் தெளிவான லினக்ஸ் ஆவணம் வேறில்லை. டெபியன்காரரும் ஃபெடோராக்காரரும் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் படிக்கிறார்கள்.

மார்ஜாரத்தைப் பரப்பியது உபுண்டு. நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கச் செல்வந்தர். 2002-இல் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய்த் திரும்பி, 2004-இல் உபுண்டுவைத் தொடங்கினார். 2005 முதல் 2011 வரை உலகில் எந்த முகவரி கொடுத்தாலும் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். நம்மூர் இன்ஜினியரிங் கல்லூரி விடுதிகளுக்கும் அந்த உறைகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு; இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதற்கு ஐந்தாண்டு இலவசப் பாதுகாப்பு. இல்லறத்தார் இந்த இரண்டாண்டுப் பதிப்பைத் தவிர மற்றதை ஏறெடுத்தும் பார்க்கலாகாது.

பூனை கவ்வுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: எங்கே கொண்டுபோகிறது என்று குட்டியைக் கேட்பதில்லை. 22.04 பதிப்பு முதல் உபுண்டு தன் பிரவுசரை ஸ்நாப் என்னும் தன் சொந்தப் பொட்டல முறையில்தான் தருகிறது. பழைய முறையில் கட்டளையிட்டாலும் ஸ்நாப்பே வந்து இறங்கும். முதலில் அது திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், பிறகு சீராக்கினார்கள். உபுண்டுவிலிருந்தே கிளைத்த மின்ட் 2020-இல், தன் எல்லைக்குள் ஸ்நாப் தானாக நுழையாதபடி அடைத்துவிட்டது. 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய இந்த மின்ட், உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பை எடுத்து, தனக்குப் பிடிக்காததை நீக்கி, விண்டோஸில் இருந்து வந்தவர் கை தானாகப் போகும் இடத்தில் மெனுவை வைத்துக் கொடுக்கிறது. புதுமை எதுவும் செய்யாமலிருப்பதே தன் புதுமை என்று கொண்ட ஒரே டிஸ்ட்ரோ. இதன் மீதுள்ள பெரிய குற்றச்சாட்டு, இதில் பேச ஒன்றுமில்லை என்பது.

இவ்விரண்டுக்கும் தாய்ப்பீடம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. தம் பெயரோடு அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்தார். எப்போது வெளிவரும் என்று கேட்டால், ஆயத்தமானபோது என்பார்கள். வந்தபின் அடுத்த பதிப்புவரை உள்ளே இருக்கும் மென்பொருள் எண்கள் மாறா; பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படப் பாத்திரங்களின் பெயர். எந்நேரமும் கலைந்துகொண்டிருக்கும் நிலையற்ற கிளைக்கு மட்டும் என்றென்றும் சிட் என்று பெயர், அது அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர். கணினி உலகில் ஒரு பொருளின் பெயர் இவ்வளவு நேர்மையாக அமைந்தது வேறெங்கும் இல்லை.

டெபியனின் ஒழுக்கத்துக்கு ஒரு சான்று. மடிக்கணினிகளின் வைஃபை அட்டைகள் பல, தயாரிப்பாளர் தரும் மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் எழுந்திருக்கா. மூடிய நிரலை உள்ளே விடுவது கொள்கைக்கு மாறு என்று டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நெடுங்காலம் அதைச் சேர்க்கவில்லை. விளைவு: நிறுவும்போது வைஃபை வராது, வைஃபைக்கான ஃபர்ம்வேரை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க, ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு வட்டையும் அதே டெபியன் வைத்திருந்தது. அது அதிகாரபூர்வமற்றது என்று எழுதி, தேடித்தான் கண்டெடுக்க வேண்டிய ஓரிடத்தில். 2022-இல் பொது வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை வருகிறது. அறத்தோடு வாழ்ந்தவர்கள் வீட்டில் இணையமும் வந்தது.

ஃபெடோரா விரைந்தோடும் பூனை. புதியது எதுவும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும். ஒரு பதிப்புக்கு ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். ஆண்டுக்கொருமுறையேனும் பதிப்பை மாற்றிக்கொள்ளச் சோம்பாதவருக்கு நல்லது. ஓப்பன்சூசே, மாஞ்சாரோ, சோரின், பாப் முதலியனவும் உள. விரிப்பிற் பெருகும்.

இடையில் 2014-இல் நிகழ்ந்த ஒரு பெரும்போரைக் குறிக்காமல் விட்டால் வரலாற்றுக் குற்றம் வரும். கணினி எழும்போது முதலில் ஓடவேண்டிய நிரல் சிஸ்டம்டியா, பழைய இனிட்டா என்பதில் டெபியன் பிளவுபட்டு, பிரிந்தவர்கள் டெவுவான் என்று தனியே போனார்கள். இல்லறத்தார் பார்வையில் அந்நேரம் திரையில் ஒரு சின்னம் சுற்றிக்கொண்டிருக்கும். இருதரப்பிலும் அது சுற்றியது.

நூற்பாவும் உரையும்

இனி தேர்வு முறை.

வைஃபை இணைதல் ஒலிவழி கேட்டல்
மூடித் திறத்தல் அச்செடுத் தளித்தல்
தமிழைத் தட்டல் என்றிவ் வைந்தும்
ஒருங்கே வாய்ப்பின் உத்தமம் என்ப.

என்பது சூத்திரம். இதன் பொருள்: கருதிய டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ கோப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைப் பூட் செய்து, மேற்கண்ட ஐந்தையும் சோதித்துப் பார்க்க.

வைஃபையும் ஒலியும் விளங்கிக்கிடக்கின்றன. மூடித் திறத்தலாவது, மடிக்கணினி மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் விட்ட இடத்தில் இருக்கிறதா என்பது. திறந்தபின் கறுப்புத் திரையில் சுட்டி மட்டும் நீந்தினால் அந்த டிஸ்ட்ரோவும் அந்தக் கணினியும் பொருந்தவில்லை என்க. யார்மேல் குற்றம் என்று ஆராயப் புகுவார் துறவியாகி விடுவர்.

அச்செடுத்தல் நுட்பமானது. வைஃபையில் ஓடும் இன்றைய பிரிண்டர்கள் பலவும் கேளாமலே வந்து சேரும். ஆனால் தெருமுனை ஜெராக்ஸ் கடை தோறும் காணப்படும் ஒருவகைக் குட்டிக் கறுப்புவெள்ளை லேசர் பிரிண்டர் உண்டு. அதற்கு லினக்ஸ் டிரைவர் உள்ளது; நிறுவியவர்களும் உள்ளனர்; அவர்கள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. அது வீட்டில் இருந்தால் பென் டிரைவை எடுக்குமுன் பிரிண்டரை யோசிக்க.

தமிழைத் தட்டல்: தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் மூன்றும் எல்லா முதன்மை டிஸ்ட்ரோக்களிலும் காசில்லாமல் உள. சிலவற்றில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். சிலவற்றில் ஐபஸ் எம்17என் என்ற பொட்டலத்தையும் நிறுவ வேண்டும். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அது லினக்ஸின் குற்றமன்று. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்க.

இந்த ஐந்தில், எந்தப் பீடம் மேலானது என்ற வினா எங்கும் எழவில்லை என்பதைக் கற்பார் கவனிக்க.

தடை விடை

அற்றேல், எது வேகமானது எனின்: அன்றாட வேலையில் பெரும்பொழுதைத் தின்பது பிரவுசர், அது எல்லாவற்றிலும் ஒன்றே. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தின் முன் டிஸ்ட்ரோக்களுக்கு இடையே உள்ள வேறுபாடு நில்லாது. இந்த உண்மையைச் சொன்னால் எல்லாச் சமயத்தாரும் ஒன்றுசேர்ந்து முகம் சுளிப்பர். நினைவகம் 4 ஜிபி மட்டுமாயின் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழல் உள்ள பதிப்பைக் கொள்க. கண்ணுக்குத் தெரிவது திரைச்சூழலே. டிஸ்ட்ரோ அதன் பின்னே உள்ளது. பலர் டிஸ்ட்ரோவைப் பிடிக்கவில்லை என்று மாற்றுவது, உண்மையில் க்னோம் என்னும் திரைச்சூழலைப் பிடிக்கவில்லை என்பதாம்.

எல்லாவற்றையும் டெர்மினலில் தட்ட வேண்டுமாமே எனின்: அற்றன்று. தட்டவேண்டியதில்லை. ஆனால் உதவி கேட்டால், சொல்பவர் தட்டும் வரியைத்தான் தருவார்; பத்துச் சொடுக்கை விவரிப்பதைவிட ஒரு வரியை அனுப்புவது அவருக்கு எளிது. புரியாத வரியை ஒட்டி என்டர் தட்டுவது மட்டும் கூடாது.

டேலி ஓடுமா, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எடுக்குமா எனின்: கடைக்கணக்கும் ஜிஎஸ்டியும் அந்தக் கணினியில்தான் என்றால் இந்நூல் உமக்கு எழுந்ததன்று. விண்டோஸ் 11 ஓடும் ஒன்றை வாங்குக. அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

எது அதிகம் பேர் பயன்படுத்துவது என்று டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் பட்டியலைப் பார்க்கலாமா எனின்: அது எண்ணுவது அந்தத் தளத்தில் எந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்பதை. மணமக்கள் பலர் பார்க்கும் ஜாதகம் எல்லாம் கல்யாணத்தில் முடிவதில்லை.

துணை வலி

இனிச் சொல்லப்போவதே இந்நூலின் தலைமைக் கருத்து. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்கத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தார்கள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்றைய பெயர் கைட், அரசுப் பள்ளிகளில் லினக்ஸையே பாடமாக்கியது; இப்போது தருவது உபுண்டுவின் வழிவந்த ஒன்று. அங்கே அது நிலைத்தது. டெபியனைவிட உபுண்டு உயர்ந்தது என்று இதிலிருந்து கொண்டால் பிழை. கேரளத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வகுப்பிலேயே ஒருவர் இருந்தார். இங்கே மடிக்கணினி மட்டும் வந்தது.

ஆகவே டிஸ்ட்ரோவின் குணங்களுள் தலையானது, அதை அறிந்தவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுக்கும் அண்ணன் மகன் ஃபெடோராக்காரன் என்றால் ஃபெடோரா உமக்குச் சிறந்த டிஸ்ட்ரோ. அவன் ஆர்ச்சுக்காரன் என்றால், போனை எடுப்பான் என்பது உறுதியானால் மட்டும், ஆர்ச்சும் ஆகும். அவன் அடுத்த மாதம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான் என்றால் இவ்விதி தளர்ந்து, கீழ்க்கண்ட புறனடை செல்லும்.

புறனடை

போன் எடுப்பார் எவரும் இலர் எனின் லினக்ஸ் மின்ட், சினமன் என்னும் திரைச்சூழல் உள்ள பதிப்பு. 4 ஜிபி கணினியாயின் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஒருமுறை நிறுவியபின் ஐந்தாண்டு பிறவற்றைப் பற்றிப் படிக்க வேண்டா. படித்தால் மாற்றத் தோன்றும்.

நிறுவுமுன் கல்யாண வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்க. நிறுவும் நிரல் ஓரிடத்தில், வட்டை முழுதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் அழித்துவிடும்.